தொடாத வாத்தியம்

மிருதங்கத்தைத் தட்டினால் ஒலிக்கிறது. வீணையை மீட்டினால் ஒலிக்கிறது. புல்லாங்குழலை ஊதினால் ஒலிக்கிறது. ஏன் ஒலிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தோல் அதிர்கிறது, தந்தி அதிர்கிறது, காற்று அதிர்கிறது, அவ்வளவுதான். பலமாகத் தட்டினால் பலமாக ஒலிக்க வேண்டும் என்று எந்தக் கமிட்டியும் கூடித் தீர்மானம் போடவில்லை. உடம்புக்கும் ஓசைக்கும் இயற்கையே ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. மனிதன் வாத்தியத்தைச் செய்தான். முடிச்சை அவன் செய்யவில்லை.

சென்ற 100 ஆண்டுகளில் அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இன்றைக்கு ஒருவன் காற்றில் கையை வீசினால் கடல் அலை ஒலிக்கலாம். அதே கையை அதே மாதிரி வீசினால் கழுதை கத்தலாம். எது ஒலிக்க வேண்டும் என்பதைக் கைக்கும் ஓசைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் முடிவு செய்கிறான். அசைவையும் அழுத்தத்தையும் அறியும் சின்னஞ்சிறு உணரிகளைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்களின் ஓசையோடு இணைக்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை. அவர்களுடைய தொழிலைக் கற்றுக்கொடுக்க நான் ஆள் இல்லை. நான் கதை எழுதுகிறவன். ஆனால் அந்த நடு மனிதன் யார், எங்கிருந்து வந்தான், அவனை நம்பலாமா என்று விசாரிப்பது கதை எழுதுகிறவனுடைய வேலைதான் அல்லவா?

விசாரித்துக்கொண்டே போனால் ருஷ்யாவுக்குப் போய்ச் சேருகிறோம். லெவ் டெர்மன் என்பவர் 1896-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். மேல்நாட்டார் வாயில் அவருடைய பெயர் லியோன் தெரெமின் ஆயிற்று. பௌதிகம் படித்தவர்; செல்லோ வாத்தியமும் வாசிப்பார். புரட்சி முடிந்த சமயத்தில் அப்ராம் யோஃபே என்ற பெரிய விஞ்ஞானியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு வேலை. வாயுக்களின் மின் குணத்தை அளப்பதற்கு ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். அதிலிருந்து சீழ்க்கை அடிப்பது போல் ஓர் ஒலி வந்தது. கையைக் கிட்டே கொண்டுபோனால் ஒலியின் சுருதி மாறிற்று; விலக்கினால் மறுபடியும் மாறிற்று. வேறொரு விஞ்ஞானியாக இருந்தால், "இது என்ன கோளாறு?" என்று கருவியைப் பழுது பார்த்திருப்பார். செல்லோ வாசிக்கிறவருக்கு அது கோளாறாகத் தோன்றவில்லை, வாத்தியமாகத் தோன்றிற்று.

அதன் தத்துவம் எளிதுதான். பெட்டிக்குள் இரண்டு மின் அலைகள் உற்பத்தியாகின்றன. இரண்டுமே நம் காதுக்கு எட்டாத வேகத்தில் துடிப்பவை. ஆனால் ஒன்றின் துடிப்புக்கும் மற்றதன் துடிப்புக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு எட்டும். மனித உடம்பு சிறிதளவு மின்சாரத்தைத் தேக்கி வைக்கக்கூடிய பொருள். ஏரியலின் அருகே கை வந்தால் ஓர் அலையின் துடிப்பு மட்டும் மாறும். உடனே வித்தியாசம் மாறும், சுருதியும் மாறும். தொடவே வேண்டாம்.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். தெரெமின் செய்த வாத்தியத்தில் நிமிர்ந்த கம்பி ஒன்று, வளைந்த கம்பி ஒன்று. வலக் கையை நிமிர்ந்த கம்பியை நோக்கிக் கொண்டுபோனால் சுருதி ஏறும். இடக் கையை வளைந்த கம்பியை நோக்கித் தாழ்த்தினால் ஓசை அடங்கும், உயர்த்தினால் பெருகும். ஏன் அப்படி? தாழ்த்தினால் பெருகும்படியும் வைத்திருக்கலாமே! குழந்தை தூங்குகிற வீட்டில், "மெதுவாகப் பேசு" என்று நாம் கையைத் தாழ்த்திக் காட்டுகிறோம். அவர் எதை நினைத்து அப்படி வைத்தாரோ, அது மனிதர்களுடைய சைகையோடு பொருந்திற்று. இயற்கை போட்ட முடிச்சு அல்ல இது. மனிதன் யோசித்துப் போட்ட முடிச்சு. நம் நடு மனிதன் சரித்திரத்தில் தலைகாட்டுவது இந்த இடத்தில்தான்.

1922-இல் தெரெமின் கிரெம்ளின் மாளிகைக்குப் போய் லெனின் முன்னிலையில் இதை வாசித்துக் காட்டினார். லெனினே கையை நீட்டி வாசித்துப் பார்த்தார். 1927-ஆம் ஆண்டின் கடைசியில் தெரெமின் அமெரிக்கா சென்றார். 1929-இல் ஆர்.ஸி.ஏ. கம்பெனி இந்த வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீழ்க்கை அடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் இதை வாசித்துவிடலாம் என்ற தோரணையில் விளம்பரம் நடந்தது. வாங்கிப் போனவர்களுக்கு அல்லவா தெரியும் சிரமம்! விரல் பதிக்கத் தந்தி இல்லை, மெட்டு இல்லை; வெறும் காற்றில் ஸ்வரஸ்தானம் தேட வேண்டும். போதாக்குறைக்கு அந்த ஆண்டே பங்கு மார்க்கெட் சரிந்து பெரிய பொருளாதார மந்தம் வந்தது. மொத்தம் 500 வாத்தியங்கள் போல்தான் தயாராயின.

ஆனாலும் அந்த வாத்தியத்துக்கு ஒரு மேதை கிடைத்தாள். கிளாரா ராக்மோர் என்ற அந்தப் பெண் சிறு பிராயத்திலேயே வயலினில் பேர் வாங்கியவள். கையில் உண்டான உபாதையால் வயலினை விட நேர்ந்தது. வில்லைப் பிடிக்க முடியாத கைக்குத் தொடவே வேண்டாத வாத்தியம் வந்து சேர்ந்தது. காற்றில் விரல்களை வைப்பதற்கு அவள் தானே ஒரு முறையை வகுத்துக்கொண்டாள். தெரெமின் இன்னும் ஒரு படி மேலே போய், நடனமாடுகிறவருடைய முழு உடம்பையும் அறிந்து இசை எழுப்பும் மேடை ஒன்றைச் செய்தார். டெர்ப்ஸிடோன் என்று அதற்குப் பெயர். 1932-இல் நியூயார்க் கார்னெகி மண்டபத்தில் கிளாரா அந்த மேடையில் நின்று, உடம்பின் அசைவாலேயே பாட்டு இசைத்துக் காட்டினாள்.

இதுவரையில் கதை இன்பமாக இருக்கிறது. இனிமேல்தான் இருட்டு.

1938-இல் தெரெமின் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு கைது செய்யப்பட்டார். கோலிமா என்ற பனிப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டு, பிறகு கைதிகளான விஞ்ஞானிகளை வைத்து வேலை வாங்கும் ரகசிய ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டார். மேல்நாட்டில் அவர் இறந்துவிட்டதாகவே பலரும் நினைத்தார்கள். 1945 ஆகஸ்டில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் சிலர் மாஸ்கோவில் இருந்த அமெரிக்க ஸ்தானிகருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க ராஜ முத்திரை அது. ஸ்தானிகர் அதைத் தம் மாளிகையில் படிப்பறைச் சுவரில் மாட்டினார். அதற்குள்ளே ஒரு மெல்லிய தகடும் சிறிய ஏரியலும் ஒளிந்திருந்தன. பாட்டரி கிடையாது, கம்பி கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையை அதன்மேல் பாய்ச்சினால், அறையில் பேசும் பேச்சுக்கு ஏற்பத் தகடு அதிரும். திரும்பி வரும் அலை பேச்சைச் சுமந்துகொண்டு வரும். 7 ஆண்டுகள் அது சுவரில் தொங்கிக் கேட்டுக்கொண்டே இருந்தது. 1952-இல்தான் கண்டுபிடித்தார்கள். 1960-இல் அமெரிக்கப் பிரதிநிதி ஐக்கிய நாடுகள் சபையில் அதைத் திறந்து உலகத்துக்குக் காட்டினார். அந்தக் கருவியைச் செய்தவர் நம் தெரெமின்தான்.

நடன மேடை செய்த கைதான் ஒற்றுக் கருவியும் செய்தது. இது அவருடைய குற்றமா, அவரைச் சிறையில் போட்டவர்களுடைய குற்றமா என்பது வேறு விவகாரம். எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. மனிதன் அசைவதையும் பேசுவதையும் அறியக்கூடிய கருவிக்குத் தானாக ஒரு தர்மமும் கிடையாது. அறிந்ததை யாரிடம் கொடுக்கிறது, அவர் அதை என்ன செய்கிறார் என்பதில்தான் தர்மமும் அதர்மமும் இருக்கின்றன.

தெரெமின் அமெரிக்காவில் விட்டுவந்த வாத்தியம் அங்கே ஒரு பையனுடைய மனத்தைக் கவர்ந்தது. ராபர்ட் மூக் என்ற அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தெரெமின் வாத்தியம் செய்தான். வளர்ந்து, உதிரிச் சாமான்களைப் பெட்டியில் போட்டு விற்றான். 1964-இல் அவர் செய்த மின் இசை யந்திரம் உலகப் பிரசித்தி பெற்றது. அடுத்த ஆண்டு, 1965 ஜூலையில், ஜான் கேஜ் என்ற இசைக் கலைஞரும் மெர்ஸ் கன்னிங்ஹாம் என்ற நடனக் கலைஞரும் நியூயார்க்கில் 'வேரியேஷன்ஸ் ஐந்து' என்ற நிகழ்ச்சியை நடத்தினார்கள். மேடையில் மூக் செய்துகொடுத்த ஏரியல் கம்பங்கள் நின்றன. பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த பில்லி க்ளூவரின் உதவியால் ஒளியை அறியும் உணரிகளும் இருந்தன. ஆடுகிறவர்கள் கம்பத்தை நெருங்கினாலும் ஒளியை மறைத்தாலும் டேப் யந்திரங்களிலிருந்தும் ரேடியோக்களிலிருந்தும் ஓசை புறப்படும்.

ஆனால் அந்த ஓசை சபையைச் சேருமுன் கேஜும் அவருடைய நண்பர்களும் அதைக் கலந்தார்கள், கூட்டினார்கள், குறைத்தார்கள். ஆடுகிறவர் அசைவார்; அசைவுக்குப் பதிலாக என்ன கேட்கும் என்பது அவர் கையில் இல்லை. நம் நாட்டியத்தில் சலங்கை உண்டு. கால் வைத்தால் ஒலிக்கும், வைக்காவிட்டால் ஒலிக்காது. கேஜின் மேடையில் காலுக்கும் சலங்கைக்கும் நடுவே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேஜ் அதை வேண்டுமென்றேதான் செய்தார். யாருக்கும் முழு அதிகாரம் இல்லாத ஓசை அவருக்கு வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான வேடிக்கை ஒன்று 1978-இல் ஜப்பானில் நடந்தது. தைட்டோ கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டைச் செய்தார். விண்ணிலிருந்து விரோதிகள் வரிசை வரிசையாக இறங்கி வருவார்கள். நாம் சுட வேண்டும். பின்னணியில் 4 ஸ்வரங்கள் மட்டும் இறங்கி இறங்கி ஒலித்துக்கொண்டிருக்கும். விரோதிகள் குறையக் குறைய மிஞ்சியவர்களின் வேகம் கூடும். அந்தக் காலத்துச் சிப்புக்குச் சக்தி குறைவு. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தால் அதன் வேலை விரைவாக நடந்தது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவைத்தார். 4 ஸ்வரங்களும் கூடவே காலம் மாறி, துரித கதியில் அடிக்கத் தொடங்கின. ஆடுகிறவனுடைய நெஞ்சும் கூடவே அடித்துக்கொண்டது. தன் விரல்தான் தாளத்தை ஓட்டுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. கேஜின் நடனக்காரருக்குத் தாம் ஓசை எழுப்புவது தெரியும், ஆனால் அதிகாரம் இல்லை. இவனுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அது தெரியாது. விளையாட்டு ஓசையின் சாமர்த்தியம் முழுவதும் அன்று முதல் இந்த ஒரு ரகசியத்தில்தான் இருக்கிறது.

பிறகு யந்திரங்கள் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்டன. 1983-இல் மிடி என்ற பொது பாஷை வந்தது. ஒரு கம்பெனியின் பெட்டி சொல்வது இன்னொரு கம்பெனியின் பெட்டிக்குப் புரிந்தது. பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பாஷையில் பெரும்பாலான அளவுகள் 0 முதல் 127 வரை 128 படிகளாகத்தான் சொல்லப்பட்டன. பியானோவுக்கு அது போதும். கமகத்துக்குப் போதுமா? வழுக்கிக்கொண்டு போகிற கையைப் படிக்கட்டில் இறங்கு என்றால் எப்படி? 1997-இல் கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஓ.எஸ்.ஸி. என்ற புதிய பாஷையை வகுத்து, தசம பின்னங்களையும் அனுப்ப வழி செய்தார்கள். இன்று உணரிகளைப் பற்றி வேலை செய்கிறவர்கள் பலருக்கு அதுதான் தபால் சேவகன்.

சாதாரண வீட்டுக்குள் உணரி நுழைந்தது 2006-இல். நிண்டெண்டோ கம்பெனியின் வீ என்ற யந்திரத்தின் கைக்கோலுக்குள் அசைவை அறியும் உணரி இருந்தது. கோலிலேயே சின்ன ஒலிபெருக்கியும் இருந்தது. 'ஸெல்டா' கதையில் வில்லை வளைத்தால் நாணொலி கைக்குள்ளிருந்து கேட்கும். அம்பு போய்த் தைக்கும் ஒலி தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து கேட்கும். நடுவில் அம்பு பறந்ததாக மனசு தானே நம்பிக்கொள்ளும். நம் நடு மனிதனின் நல்ல முகம் அது.

மற்றொரு முகத்தையும் விரைவில் பார்த்தோம். 2010-இல் மைக்ரோஸாப்ட் கம்பெனி கினெக்ட் என்ற கருவியை விற்றது. கையில் ஒன்றும் பிடிக்க வேண்டாம். எதிரே நின்றால் உடம்பையே அறிந்துகொள்ளும். தெரெமினின் நடன மேடை மறுபிறவி எடுத்தது போல் இருந்தது. கலைஞர்கள் அதை வைத்துக் காற்றில் இசை அமைத்தார்கள். 2013-இல் வெளிவரவிருந்த அடுத்த யந்திரத்துக்கு இந்தக் கருவி எப்போதும் இணைந்தே இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். யந்திரம் உறங்கும்போதும், எழுப்பும் குரலுக்காக அது கேட்டுக்கொண்டிருக்கும். உடனே ஜனங்கள், "எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்க நீ யார்?" என்று கூச்சல் போட்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே நிபந்தனை தளர்ந்தது. 2014-இல் கருவி இல்லாமலே யந்திரம் விற்பனைக்கு வந்தது. 2017-இல் கினெக்ட் தயாரிப்பே நின்றது. நடன மேடைக்கும் சுவரில் தொங்கிய முத்திரைக்கும் இடையே தூரம் அதிகம் இல்லை என்பது ஜனங்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

சரி, இந்த முடிச்சை இன்று எப்படிப் போடுகிறார்கள்? ஒரு நண்பருடைய மகன் விளையாட்டுக்களுக்கு ஓசை அமைக்கும் வேலையில் இருக்கிறான். அவர்கள் வீட்டுக் கூடத்து ஊஞ்சலின் அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாமானை ஒட்டி வைத்திருந்தான்.

"உக்காந்து ஆடுங்க மாமா" என்றான்.

ஆடினேன். ஊஞ்சல் ஏற ஏற, ஒலிபெருக்கியில் காற்று வீசிற்று, தென்னங்கீற்று சலசலத்தது. அவன் தகப்பனார் நாற்காலியில் இருந்தபடியே, "எண்ணெய் போடாம விட்டா ஊஞ்சல் தானே சத்தம் போடும். அதுக்குப் போயி கம்ப்யூட்டர் வேற வச்சிருக்கான்!" என்றார்.

பையன் சிரித்துக்கொண்டே விளக்கினான். உணரிக்குச் சங்கீதமும் தெரியாது, ஊஞ்சலும் தெரியாது. அது எண்ணை மட்டும் சொல்லும். இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ என்ற சிறிய மின் பலகை அந்த எண்ணை வாங்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கே எஃப்மாட், வைஸ் என்ற பெயருள்ள ஓசைச் செயலிகள் இருக்கின்றன. முன்னது ஆஸ்திரேலியாவில் பிறந்தது, பின்னது கனடாவில். விளையாட்டுக்குள்ளே மோட்டார் காரின் வேகத்துக்கு ஏற்ப எஞ்சின் உறுமல் மாறுவது இவற்றால்தான். காரின் வேகம் என்ற எண் வர வேண்டிய இடத்தில் ஊஞ்சலின் எண்ணைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால், காரியம் முடிந்தது.

"கஷ்டம் அதுல இல்லை மாமா. இந்தக் கோட்டுலதான்" என்று திரையைக் காட்டினான். கிடையாக ஊஞ்சலின் வேகம். நெடுக்காக ஓசையின் அளவு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. கோடு நேராக இருந்தபோது காலை உந்தியதுமே காற்று வீசிற்று. அவன் அதைப் பிடித்து வளைத்தான். இப்போது மெதுவாக ஆடினால் ஒன்றும் இல்லை; உயரே போனபோதுதான் காற்று வந்தது. ஊஞ்சல் அதுவே, ஆடுகிறவனும் அவனே. கோடு வளைந்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் உயரே போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது! என் காலை உந்த வைத்தது அவன் வரைந்த கோடு.

தாமதமும் ஒரு பெரிய தலைவலியாம். உணரி சொல்லும் எண் நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கத்தைப் போக்கப் பல எண்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஓசை பிந்திவிடும். கம்ப்யூட்டர் வாத்தியத்தில் கைக்கும் ஓசைக்கும் இடையே 10 மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது என்று டேவிட் வெஸ்ஸல், மாத்யூ ரைட் என்ற இருவர் 2002-இல் எழுதினார்கள். 10 மில்லி விநாடியில் ஓசை காற்றில் சுமார் 3.4 மீட்டர் தூரம் போகும். வாசிக்கிறவர் இங்கே, மிருதங்கம் கூடத்தின் மறு கோடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விலகினால் அது தன் வாத்தியம் என்ற உணர்ச்சியே போய்விடும் என்பது அதன் பொருள்.

இவ்வளவு பாடுபட்டு, இயற்கை இலவசமாகக் கொடுத்த முடிச்சை அவிழ்த்து, செயற்கையாகத் திரும்பப் போடுவானேன்? நண்பரின் எண்ணெய் போடாத ஊஞ்சல் போதாதா? நியாயமான கேள்வி. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இங்கிலாந்திலிருந்து வருகிறது.

எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற இசை அமைப்பாளர், 1979-இல் பி.பி.ஸி. ஒளிபரப்பிய 'லைஃப் ஆன் எர்த்' தொடருக்கு இசை கொடுத்தவர். நடனமாடுகிறவர்கள் தங்கள் அசைவாலேயே இசை எழுப்ப வேண்டும் என்று 1980-களில் சவுண்ட்பீம் என்ற கருவியைச் செய்தார். வௌவாலைப் போல அது நமக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அறியும், தூரத்தை ஸ்வரமாக்கும். அந்த எல்லையைப் பல அடி தூரம் விரிக்கலாம். சுருக்கிக் கிட்டத்திலும் வைத்துக்கொள்ளலாம். கருவி நடன மேடைக்காகப் பிறந்தது. ஆனால் அதைக் கொண்டாடி எடுத்துக்கொண்டவை, உடம்பு ஒத்துழைக்காத குழந்தைகளுக்கான பள்ளிக்கூடங்கள். தலையை மட்டும் சற்று அசைக்க முடிந்த குழந்தைக்கு எல்லையைச் சுருக்கி வைத்தால், அந்தச் சிறிய அசைவுக்குள் ஒரு முழு ஸ்தாயியே அடங்கிவிடும்.

மிருதங்கம் யாரிடமும் பட்சபாதம் காட்டாது. எல்லாரிடமும் ஒரே அளவு பலத்தைக் கேட்கும். பலம் இல்லாதவனிடம் மௌனமாக இருக்கும். இயற்கையின் முடிச்சில் நீதி உண்டு, தயை இல்லை. நடுவில் ஒரு மனிதன் வந்து உட்கார்ந்த பிறகுதான், "இந்தக் குழந்தையால் எவ்வளவு அசைய முடியும்?" என்று கேட்கவும், அதற்கு ஏற்றபடி முடிச்சைப் போடவும் வழி பிறந்தது. அவன் ஒற்றனாகவும் இருக்கலாம், வியாபாரியாகவும் இருக்கலாம். ஆகையால் அவனைக் கண்காணித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் அவனை எழுப்பித் துரத்திவிடவும் கூடாது.

தெரெமின் தம் 95-ஆம் வயதில், 1991-இல், மறுபடி அமெரிக்கா சென்று கிளாரா ராக்மோரைச் சந்தித்தார். 1993-இல் மாஸ்கோவில் காலமானார். சுவரில் ஒளிந்து கேட்ட அவருடைய கருவி இன்று சரித்திரப் புத்தகத்தில் ஒரு பக்கம். தொடாமல் பாடிய வாத்தியத்தை இன்றும் ஜனங்கள் வாசிக்கிறார்கள்.